பதினொன்றாம் எண் காது

வடகோடியில், மரங்கள் முளைப்பதை நிறுத்திவிடும் எல்லைக்கும் அப்பால், நாலாயிரம் கம்பங்கள் நிற்கின்றன. ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு காது இருக்கிறது. நாலாயிரமும் என் காது. நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. கோவில்பட்டியை விட்டு நான் போன மிகத் தூரமான இடம் மதுரை. அதுவும் பல் டாக்டரைப் பார்க்க.

எங்கள் இடத்தை ஊரில் பூச்சி ஆபீஸ் என்பார்கள். முன்பு அது தீப்பெட்டி ஆபீஸ். குச்சி அடுக்கிய நீள மேசைகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் மேல் திரைகளையும் ஹெட்போன்களையும் கொண்டுவந்து வைத்தார்கள். வரிசைக்கு எட்டுப் பேர், எல்லோரும் பெண்கள். மேசைக்கு அடியில் கால் வைத்துக்கொள்ள ஒரு பலகை உண்டு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே பலகை.

முதல் நாள் ஞானதுரை சார் எங்களுக்கு வேலையைச் சொன்னார். அவர்தான் சூப்பர்வைசர். சட்டைப் பையில் எப்போதும் இருமல் மிட்டாய் வைத்திருப்பார்.

“வடக்கே இப்போ பனி இல்லம்மா. பனி போன எடத்துல புல்லு. புல்லு வந்த எடத்துல வெட்டுக்கிளி. அதுல ஏழு வகை. ஆறு வகை பாவம், தின்னுட்டுச் சும்மா கெடக்கும். ஏழாவது கூட்டம் சேரும். அது கெளம்பிச்சுன்னா தெக்க இருக்கிற கோதுமை பூராவும் காலி. பாட்டைக் கேட்டு எந்த வகைன்னு சொல்லணும். அவ்வளவுதான்.”

“இதை மெஷினு கேக்காதா சார்?” என்றாள் ஜெபராணி. எங்கள் வரிசையில் மூத்தவள். நாசரேத்தில் பிறந்து எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். கூச்சம் என்பதையே அறியாதவள்.

“கேக்கும். அதுக்கு யாராவது சொல்லிக்குடுக்கணும்லா. ஒரு பாட்டு எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்துல வரும். எட்டுப் பேரும் தனித்தனியாக் கேட்டு, ஆறு பேராவது ஒரே பதில் சொன்னா, அதை மெஷினு உண்மைன்னு எடுத்துக்கும்.”

“ரெண்டு பேரு வேற சொன்னா?”

“அந்த ரெண்டு பேருக்கும் மார்க்கு கொறையும். மூணு வாரம் தொடர்ந்து கொறஞ்சா நன்றி வணக்கம்.”

எட்டுப் பொத்தான்கள் இருந்தன. ஏழு வகைக்கு ஏழு. எட்டாவது குப்பை. காற்று, மழை, மனிதக் குரல் எது வந்தாலும் குப்பை. மனிதக் குரலை மூன்று விநாடிக்கு மேல் கேட்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது.

எனக்கு இந்த வேலை பிடித்தது. எட்டாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னபோது எனக்கு வாய் திறக்கவில்லை. மூன்று நாள் அதே பாடத்துக்கு நிற்க வைத்தார்கள். நாலாம் நாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை, பிறகும் போகவில்லை. பேச வேண்டாம், கேட்டால் போதும் என்று ஒரு வேலை இருக்கும் என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

வெட்டுக்கிளி வாயால் பாடுவதில்லை. பின்னங்காலை இறக்கையில் தேய்க்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு எல்லாம் எளிது. குழப்பம் நாலுக்கும் ஏழுக்கும்தான். நாலு விட்டுவிட்டுத் தேய்க்கும், தையல் மெஷினை மிதித்து மிதித்து நிறுத்துவது போல. ஏழு நிறுத்தாது. ஆனால் சில பாட்டுகள் இரண்டுக்கும் நடுவே இருந்தன. இடைவெளி இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில்தான் எல்லோருக்கும் மார்க்கு போயிற்று.

இரண்டாவது வாரம் எனக்கு வலப்பக்கம் இருந்த கோமு அழுதாள். ப்ளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் சேர்வதற்காக வேலைக்கு வந்த பெண். அவளுக்கு நாலும் ஏழும் ஒன்றாகவே கேட்டன. அடுத்த பாட்டு வந்தபோது குதிகாலால் பலகையை ஒருமுறை தட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், நாலை அமுக்கினாள். அதற்கடுத்த பாட்டுக்கு இரண்டு முறை தட்டினேன். ஏழை அமுக்கினாள்.

பலகை ஒரே பலகை. நான் கோமுவுக்குத் தட்டியது எட்டாவது நாற்காலி வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு வாரத்தில் வரிசை முழுவதும் என் குதிகாலுக்காகக் காத்திருந்தது. யாரும் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. ஜெபராணி மட்டும் ஒருநாள் சாப்பிடும்போது, “ஏட்டி செம்பா, ஒன் காலுக்குக் கொலுசு வாங்கிப் போடணும்ட்டி, ஊருக்கே சோறு போடுது” என்றாள்.

எங்கள் வரிசைக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு ஒற்றுமை வந்தது. கம்பெனியில் எந்த ஊரிலும் அப்படி இல்லையாம். சென்னையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். என் பதிலும் வரிசையின் பதிலும் எப்போதும் ஒன்றாகவே இருப்பதைக் கண்டுபிடித்து, என் காதுக்குப் பின்னால் மிளகு அளவில் ஒரு பொட்டு ஒட்டினார்கள். நான் கேட்கும்போது எனக்குள் என்ன நடக்கிறது என்பதை அந்தப் பொட்டு மூன்று வாரம் படித்தது.

“ஒன் காதை அப்படியே நகல் எடுத்தாச்சும்மா” என்றார் ஞானதுரை சார். “ஒன் நம்பர் பதினொண்ணுல்ல? மெஷினுக்கும் அதான் பேரு. வடக்கே எல்லாக் கம்பத்துலயும் ஒன்னை நட்டாச்சு.” ஒரு மிட்டாயை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மெஷின்தான் கேட்டது. எங்கள் வேலை உறுதி செய்வது மட்டும். ஒரு பள்ளத்தாக்கில் ஏழு இருக்கிறது என்று மெஷின் சொன்னால், மருந்தடிக்கும் முன் முந்நூறு பாட்டு எங்களுக்கு வரும். நாங்கள் ஆமாம் என்றால் விமானம் போகும். பூஞ்சைப் பொடி. பூச்சியைத் தவிர எதையும் கொல்லாதாம். ஆனால் அந்தப் புல்லில் மூன்று வருஷத்துக்கு எந்தக் கால்நடையும் வாய் வைக்கக் கூடாது. அங்கே பனிமான் மேய்ப்பவர்கள் மந்தையோடு வெளியேற வேண்டும். அந்தக் கோடையில் இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நாங்கள் ஆமாம் என்றிருந்தோம். அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று எங்களுக்கு எந்த ஒலியும் வரவில்லை.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஹெட்போனில் ஒரு பெண்ணின் குரல் வந்தது. இங்கிலீஷ்தான், ஆனால் எங்களைப் போலவே தடவித் தடவிப் பேசுகிற இங்கிலீஷ். விரல் வழக்கம்போலக் குப்பைக்குப் போயிற்று. பாதியில் நின்றது. இந்தக் குரலை எனக்குத் தெரியும். மே மாதத்திலிருந்து பத்துப் பதினைந்து முறையாவது இதைக் குப்பையில் போட்டிருக்கிறேன். வேறு வேறு கம்பங்கள், ஒரே குரல். கம்பம் கம்பமாக நடந்துபோய்ப் பேசுகிறாள்.

மூன்று விநாடி தாண்டியதும் திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் கடைசி வரை கேட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் கோமுவிடம், “என்ன சொன்னா?” என்று கேட்டேன். நானாக ஒன்றைக் கேட்டது அவளுக்கே அதிசயம்.

“நானும் கேட்டேன்க்கா. அமுக்க மனசு வரல.” டிபன் பாக்ஸை மூடிவிட்டு, அந்தப் பெண்ணின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். “‘என் பேரு ஐலி. மணி மத்தியானம் ரெண்டு. வெயிலு இருபத்தாறு டிகிரி. பூச்சியக் கையில வெச்சிருக்கேன், கம்பத்துக்கிட்டப் பிடிக்கேன். இது எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இருக்கிற பூச்சி, ஒண்ணும் செய்யாது. வெயிலு வந்தா வேகமாப் பாடும், அவ்வளவுதான். நீ யாருன்னு தெரியாது. என் பேச்சைக் கேக்க வேண்டாம், பூச்சியக் கேளு’ங்கா. அப்புறம் ஏதோ திட்டுனா. அது இங்கிலீஷு இல்ல.”

“இங்கிலீஷு இல்லன்னா திட்டுன்னு எப்படிட்டி தெரியும்?” என்றாள் ஜெபராணி.

“நீங்க திட்டுறதுலயும் எனக்குப் பாதி புரியாது யக்கா. திட்டுன்னு தெரியும்லா?”

“இருபத்தாறு டிகிரிக்கு வெயிலாம்! அவள இங்க வந்து ஒரு பொழுது உக்காரச் சொல்லு.” ஜெபராணி சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். “என்னட்டி?”

எங்கள் திரையில் வெப்பநிலை என்று ஒன்றைக் காட்டியதே இல்லை. நாங்களும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கம்புக் காட்டு வரப்பில் இரண்டு தத்துக்கிளிகளைப் பிடித்து, ஓட்டை போட்ட பாட்டிலில் விட்டேன். வெயிலில் வைத்தபோது ஒன்று நிறுத்தாமல் தேய்த்தது. கோமுவின் அப்பா பஸ் ஸ்டாண்டு எதிரே சர்பத் கடை வைத்திருக்கிறார். அவருடைய ஐஸ் பெட்டியில் பாட்டிலை வைத்துவிட்டுக் காதை ஒட்டி உட்கார்ந்திருந்தேன்.

“ஏம்மா, சர்பத்துல பூச்சி கெடந்தா எவனும் பாட்டு நல்லாருக்குன்னா சொல்லப் போறான்?” என்றார் அவர். ஆனால் எடுக்கச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் பாட்டு தளர்ந்தது. தேய்ப்பு, நிறுத்தம். தேய்ப்பு, நிறுத்தம். வெளியே எடுத்து வெயிலில் வைத்தேன். இடைவெளிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. மறுபடியும் உள்ளே. மறுபடியும் வெளியே. ஒரே பூச்சி, நாலாகவும் ஏழாகவும் பாடியது.

கோமு என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். “யக்கா, அப்போ முதல் மாசம் நாம…”

முதல் மாதம் எங்களுக்கு வந்தவை போன கோடை உச்சத்தில் பதிவான பாட்டுகள். நடுவாந்தரமாக வந்த பாட்டுக்கெல்லாம் நான் இரண்டு முறை தட்டினேன். தட்டிய ஒவ்வொன்றும் எட்டுப் பேர் தனித்தனியாகக் கண்ட உண்மையாகி, மெஷினுக்குள் போய், நாலாயிரம் கம்பத்தில் நிற்கிறது.

திங்கட்கிழமை ஞானதுரை சாரின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் காணாமல் போயிருந்தது.

“சார். ஏழு தப்பு.”

“எந்த ஏழு?”

பாட்டிலைக் காட்டினேன். வெயில், ஐஸ் பெட்டி, ஐலி, எல்லாவற்றையும் துண்டு துண்டாகச் சொன்னேன். மனிதக் குரலைக் கேட்டதற்கு அவர் கோபப்படவில்லை. பொறுமையாகக் கேட்டார்.

“சரிம்மா. அந்த ஏழு நீ ஒருத்தி சொன்னதா இருந்தா, தப்புன்னு நானே மேல சொல்லுவேன். இது எட்டுப் பேரு தனித்தனியாச் சொன்னது. எட்டுக் காதும் ஒரே மாதிரித் தப்பாக் கேக்குமா?”

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. பலகை. அதைச் சொன்னால் எட்டுப் பேரும் வீட்டுக்குப் போக வேண்டும். பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

“இன்னொண்ணு. மெஷினு ஏழுங்குது. மெஷினு யாரு? நீதான். ஒன்னையே நீ எதுத்துப் பேசுற.”

“அது என் பழைய காது சார்.”

“காதுல என்னம்மா பழசு புதுசு?” சிரித்துவிட்டு, சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டினார். மெஷின் ஏழு என்று சொன்ன இடமெல்லாம் சிவப்பு. “அந்த ஐலியோட பள்ளத்தாக்குதான் அடுத்தது. வெள்ளிக்கெழமை முந்நூறு பாட்டு வரும். உறுதி பண்ணுனா சனிக்கெழமை விமானம்.”

“எட்டுல ஆறு ஒத்துப்போகலைன்னா சார்?”

“அப்படி ஆனதே இல்லியே.” கொஞ்சம் யோசித்தார். “ஆள் நேர்ல போய்ப் பாக்கணும். பாக்குற வரைக்கும் விமானம் ஏறாது. இதெல்லாம் நீ ஏன் கேக்க?”

வியாழக்கிழமை சாப்பாட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வரிசையிடம் சொன்னேன். இவ்வளவு நீளமாக நான் பேசி யாரும் கேட்டதில்லை. நான் பேசி முடிக்கும்வரை ஒருத்தியும் சோற்றில் கை வைக்கவில்லை.

“நாளைக்கு நான் தட்ட மாட்டேன். ஒங்க காதுக்கு எது கேக்குதோ அதை அமுக்குங்க.”

“எங்க காதுக்கு எதுவும் கேக்காதுட்டி!” ஜெபராணி கத்தினாள். “அதனாலதான ஒன் காலைப் பாத்துக்கிட்டு இருந்தோம்? ஆளாளுக்கு ஒண்ணு அமுக்கினா நாளைக்கே கேப்பான், இத்தனை நாளு எப்படி ஒண்ணாச் சொன்னீங்கன்னு. எட்டுப் பேரும் வெளிய. எனக்கு எங்க போவ எடம் இருக்கு? பன்னெண்டு வருஷம் தீப்பெட்டிக்கு மருந்து முக்குனேன். என் மவன் பொறந்ததுலேர்ந்து இழுத்து இழுத்து மூச்சு விடுதான். மறுபடி அந்த வேலைக்குப் போகச் சொல்லுதியா?”

“அந்தப் பொம்பளைய எங்க போகச் சொல்லுதோம் யக்கா?” என்றாள் கோமு.

“அவ யாருட்டி எனக்கு? சொக்காரியா, சம்பந்தியா?”

“யாரும் இல்ல. நம்மளும் அவளுக்கு யாரும் இல்ல. ஆனா நம்மகிட்டதான பேசிட்டுக் கெடக்கா.”

ஜெபராணி டிபன் பாக்ஸை ஓங்கி மூடினாள். “நீ தட்டாட்டா நான் தட்டுதேன். எனக்கும் காலு இருக்கு.”

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு முதல் பாட்டு வந்தது. நடுவாந்தரப் பாட்டு. நான் காலைத் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டேன். வரிசையில் எல்லோருடைய முதுகும் நிமிர்ந்து காத்திருந்தது. திரையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. அப்போது பலகை அதிர்ந்தது. ஒன்று. இரண்டு.

ஜெபராணி நேராகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து விரல்கள் ஏழை நோக்கிப் போவதைப் பார்த்தேன்.

ஹெட்போனைக் கழற்றினேன். மேசைக்கு அடியில் நுழைந்தேன். ஏழு ஜோடிக் கால்கள். பலகையின் இரண்டு முனையும் வெறும் கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தன, ஆணி இல்லை. இழுத்தேன். ஜெபராணி குதிகாலால் அழுத்திப் பிடித்தாள். நானும் விடவில்லை. “காலை எடுங்க யக்கா” என்றேன். என் குரல் அறை முழுவதும் கேட்டது. அவள் எடுத்தாள். பலகையைத் தரதரவென்று வெளியே இழுத்துச் சுவரில் சாய்த்து நிறுத்தினேன்.

ஞானதுரை சார் ஓடி வந்தார். “என்னம்மா இது, வேலை நேரத்துல?”

எனக்கு மூச்சு வாங்கியது. கோமு சொன்னாள்: “கால் வலிக்குதாம் சார். தரைல வெச்சா நல்லதாம்.”

மீதிப் பாட்டுகளை எட்டுப் பேரும் தரையில் கால் வைத்துக் கேட்டோம். சிமெண்டுத் தரை எதையும் எடுத்துச் செல்லவில்லை.

மாலையில் கணக்குப் பார்த்த ஞானதுரை சார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நூற்றுக்கு மூன்று. வரிசை ஒத்துப்போனது அவ்வளவுதான். நான் முந்நூறில் பெரும்பாலானவற்றுக்கு நாலு என்றிருந்தேன். இரண்டு பேர் என்னைப் போல, மூன்று பேர் ஏழு. கோமு பாதிக்குப் பாதி. ஒருத்தி எல்லாவற்றையும் ஐந்து என்றிருந்தாள்.

“எனக்கு ஒரு எழவும் கேக்கலட்டி” என்று ஜெபராணி என் காதருகே சொன்னாள். “எல்லாம் ஒரே கரகரப்பு. இதைக் கேட்டா இத்தனை நாளு ஒரு ஊரையே காலி பண்ணச் சொன்னோம்?” அவள் முகம் வெளுத்திருந்தது.

அடுத்த நாள் விமானம் ஏறவில்லை.

திங்கட்கிழமை சென்னையிலிருந்து வசுமதி மேடம் பெரிய திரையில் வந்தார். மெஷின் செய்கிறவர்களுக்கெல்லாம் தலைவி. நல்ல நிதானமான குரல்.

“யாரோட ஏற்பாடு இது?”

“ஏற்பாடு ஒண்ணும் இல்ல மேடம்” என்று ஜெபராணி எழுந்தாள். ஒப்பந்தத் தாளைக் கையிலேயே வைத்திருந்தாள். “நாலாவது வரில போட்டிருக்கு. ‘அவரவர் காதால் கேட்டு மட்டும்.’ அதன்படிதான் செஞ்சோம்.”

“அப்படின்னா இதுக்கு முன்னாடி தொண்ணூத்தெட்டு எப்படி வந்தது?”

ஜெபராணி தாளை மடித்தாள். அவள் பக்கத்தில் ஆறு பேரும் தலை குனிந்திருந்தார்கள்.

நான் எழுந்தேன். பள்ளிக்கூடத்தில் நின்றது போலவே நின்றேன்.

“நான் தட்டினேன் மேடம். பலகைல. ஒரு தட்டு நாலு, ரெண்டு தட்டு ஏழு. இவங்க யாரும் கேக்கல, நான் தட்டினதை அமுக்கினாங்க. எட்டுக் காது இல்ல. ஒரே காதுதான். அது வெயிலு தெரியாத காது. ரெண்டு பள்ளத்தாக்குல மருந்தடிச்சதும் என் காதை நம்பித்தான்.”

ஞானதுரை சார் மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு வாயில் போட மறந்து நின்றார்.

“இது இந்த அறையைத் தாண்டிப் போகக் கூடாது” என்றார் மேடம். “யாரையும் வேலையை விட்டு எடுக்கல. எடுத்தா காரணம் எழுதணும்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்களுக்கு அவர்களிடம் இருந்த பயத்தைவிட அவர்களுக்கு எங்களிடம் இருந்த பயம் பெரியது. எட்டுப் பேரின் உண்மை என்று சொல்லி விற்ற வரைபடம் ஒருத்தியின் குதிகால் என்று தெரிந்தால் கம்பெனி இல்லை.

ஐலியின் பள்ளத்தாக்குக்கு ஆள் போனார். மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. ஞானதுரை சார் அதைத் தமிழில் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

“ஏழு இல்லையாம்.”

கோமு கையைத் தட்டினாள்.

“நாலும் இல்லையாம். அங்க கெடக்கிறது எந்தப் பட்டியல்லயும் இல்லாத பூச்சி. பாக்க நாலு மாதிரி இருக்கு, ஆனா அது வேற. யாரும் இதுவரை எழுதி வெக்காதது. கூட்டம் சேருமா சேராதா, யாருக்கும் தெரியாது.”

நானும் தப்பு. பாட்டன் காலத்துப் பூச்சியை நாலு என்று நான்தான் முடிவு கட்டியிருந்தேன். ஐலி நாலு என்று ஒருபோதும் சொன்னதில்லை, அவளுக்கு எங்கள் எண்களே தெரியாது. சரியான பதிலுக்கு எங்கள் திரையில் பொத்தானே இல்லை. இத்தனை மாதமும் இல்லாத பொத்தானைத் தேடிக்கொண்டு, இருந்த பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மறுநாள் மேடம் திரையில் வந்தபோது சந்தோஷமாக இருந்தார்.

“செண்பகம், ஒரு புது இனம்! அதை உலகத்துலயே முதல்ல பதிவு பண்ணினது நாமதான். மெஷினை மாத்தணும். பொட்டை மறுபடி ஒட்டிக்கோ. உனக்குத் தனி அறை, இந்தத் தடவை உன் காது மட்டும் போதும்.”

“வேண்டாம் மேடம்.”

“என்ன வேண்டாம்?”

“என் காது மட்டும் போதும்கிறது. எட்டுப் பேரும் கேக்கணும். வெயிலு எவ்வளவுன்னு திரையில காட்டணும். இதுவரைக்கும் செவப்பு போட்ட எடம் பூராவும் திரும்பக் கேக்கணும்.” ஜெபராணி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்துவிட்டுச் சொன்னேன். “இன்னொரு பொத்தானும் வேணும். தெரியலைன்னு.”

மேடம் சிரித்தார். கேலியான சிரிப்பு இல்லை, விவரம் தெரிந்தவர் குழந்தையிடம் சிரிப்பது.

“தெரியலைன்னு சொல்ற மெஷினை யாரும்மா வாங்குவாங்க? விமானம் எதை வெச்சுக் கெளம்பும்?”

“கெளம்பாது மேடம். அதுக்குத்தான் கேக்கேன்.”

“நீ சொல்றதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை. இன்னிக்குப் பட்டியல் வந்திருக்கு, வேலையைப் பாருங்க.” திரை அணைந்தது.

புதிய பள்ளத்தாக்கு, புதிய முந்நூறு. ஞானதுரை சார் தன் மேசைக்குப் போய், எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

ஹெட்போனைப் போட்டுக்கொண்டோம். முதல் பாட்டு வந்தது. அங்கே வெயிலோ மேகமோ, தெரியாது. ஒரு சின்ன உயிர் காலை இறக்கையில் தேய்த்து எதையோ யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது. நேரம் முடிந்து திரை சிவந்தது. அடுத்த பாட்டு வந்தது. மறுபடியும் சிவந்தது. நான் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஜெபராணி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, முதல் முறையாக உண்மையிலேயே கேட்டுக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் கோமுவும் அப்படியே. அவளுக்கு அப்பாலும் அப்படியே.

எட்டுப் பேரும் முந்நூறு பாட்டையும் கேட்டோம். ஒருத்தியும் எதையும் அமுக்கவில்லை.